ஐந்நூறு லிட்டர்

ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம்.
காலை ஏழே முக்கால். தகரக் கூரையில்
பனி இன்னும் உட்கார்ந்திருக்கிறது.
திம்மராயன் டிராக்டர் டேங்கரைப் பின்னால் விடுகிறான்.
வரட்டும் வரட்டும் என்று கையாட்டி
குழாயை இழுத்து
மஞ்சள் பையின் வாயில் செருகுகிறேன்.

எங்கள் கிரேனுக்கு இன்று பரீட்சை.

யாருடைய சொகுசுக் கப்பலிலோ
பக்கவாட்டில் ஒரு கதவு திறக்கும்.
உள்ளிருந்து இந்தக் கை நீளும்.
இரண்டு டன் படகை ஏந்தி
அலைமேல் வைத்துவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் மடங்கிக்கொள்ளும்.
வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது.
கப்பலுக்குப் பெயர் இல்லை, ஓர் எண்தான்.
முதலாளி யாரென்று எங்களுக்குச் சொல்லவில்லை,
அவருக்குப் பிடிக்காத வெள்ளைகளை மட்டும் சொன்னார்கள்.
மூன்று முறை திரும்பி வந்தது பெயின்ட்.
முதல் வெள்ளை பால்,
இரண்டாவது சுண்ணாம்பு,
மூன்றாவது ஆஸ்பத்திரி.
நாலாவதற்கு எங்களிடம் பெயர் இல்லை,
அதைத்தான் ஒத்துக்கொண்டார்கள்.

பை நிரம்புகிறது.
கொக்கியில் ஒரு பூசணி பருக்கிறது.
லோடு செல்லில் ஆயிரத்து எண்ணூறு, தொள்ளாயிரம்.
இரண்டாயிரத்தில் என் கை வால்வுக்குப் போனது.
"இன்னும் ஐந்நூறு" என்றார் சர்வேயர்.
தெரியும், நடைமுறைத் தாளில் இருக்கிறது,
ஆனாலும் எதுக்கு சார் என்றேன்.

தூத்துக்குடிக்காரர். மச்சாது என்று பெயர்.
"படகு ரெண்டு டன்னுதான்.
ஆனா கீழ கிடக்கது சும்மா கிடக்காதுல்லா.
தூக்குத நேரம் பாத்து அலை இறங்கிச்சுன்னு வைங்க,
படகு பொசுக்குன்னு கனத்துரும்.
அந்தக் கனத்துக்குத்தான் இது."

ஆக, இரண்டாயிரம் லிட்டர் படகு,
அதற்குமேல் ஐந்நூறு லிட்டர் கடல்.
எல்லாம் சூளகிரிப் பக்கத்து போர்வெல்,
தொள்ளாயிரம் அடி,
டேங்கர் எழுநூறு ரூபாய்.

கை முழுசாக நீண்டது. பம்பை அணைத்தோம்.
பத்து நிமிடம்.
யாரும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது.
வெளியே ரோஜா ஏற்றிய வேன் ஒன்று
கியர் மாற்ற முடியாமல் முனகியது.

சிலிண்டருக்கு சீல் போட்டவள் நான்.
சனிக்கிழமை ராத்திரி, தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோன்,
மறுமுனையில் சீட்டுப் பணம் கேட்டு நாகவேணி.
ஓ-ரிங் உட்காரும்போது
மயிரளவு நறுக்கு விழுந்ததா இல்லையா,
அன்றிலிருந்து எனக்குள் அது மட்டும்
உட்காரவே இல்லை.

ஆறாம் நிமிடம்
சிமென்ட் தரையில் ஒரு சொட்டு.

மச்சாது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் பார்த்தேன்.
பை வேர்த்த தண்ணீரா, சீல் விட்ட எண்ணெயா,
தொட்டுப் பார்க்க முடியாது,
மேலே தொங்குகிறது அவ்வளவும்.
தண்ணீர் காயும். எண்ணெய் காயாது.
எனக்குத் தெரிந்த விஞ்ஞானம்
அந்த நேரத்துக்கு அவ்வளவுதான்.

எட்டாம் நிமிடம் ஷட்டருக்கு அடியில்
வெயில் ஒரு முழம் உள்ளே வந்தது.
வா, இன்னும் கொஞ்சம், என்று
மனசுக்குள் டேங்கரைக் கூப்பிட்டதுபோலக் கூப்பிட்டேன்.
ஒரு ரூபாய் அளவு இருந்த கறை
கடுகாகி,
ஒன்பதரைக்கு
தரை மட்டும் இருந்தது.

"ஒரு மில்லிகூட இறங்கல" என்று
மச்சாது முத்திரையை ஊதிக் குத்தினார்.
எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை, உட்காரத் தோன்றியது.

பையைத் திறந்துவிடப் போனபோது திம்மராயன் ஓடி வந்தான்.
"அக்கா, கீழ விட்றாதீங்க.
பாதி வெலைக்கு நானே எடுத்துக்கறேன்.
பாகலூர் ரோடு அபார்ட்மென்ட்ல
காலையிலேர்ந்து ஃபோன் மேல ஃபோன்."
முந்நூற்றைம்பதை எண்ணி வைத்தான்.
படகு எவ்வளவு, கடல் எவ்வளவு என்று
அவன் கேட்கவில்லை.
குழாய் எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் உறிஞ்சியது.

பையின் மடிப்பில் ஒரு மூன்று லிட்டர் தங்கிவிட்டது.
அதில் கை கழுவினேன்.
கிரீஸ் போகவில்லை.