கதவுப்பிடி

"உங்கள் மருத்துவர் இனி இல்லை" என்று
கடிதம் வந்தது, நகராட்சி முத்திரையோடு.
செத்துப்போனாரா என்று
நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன்.
இரண்டாம் பத்தியில்தான் பிழைத்தார்:
நவம்பர் முப்பதோடு ஓய்வுபெறுகிறார்.
இதை எழுதிய குமாஸ்தாவை
என் பனிவாரி வண்டிக்கு முன்னால்
ஒருநாள் பார்க்கவேண்டும்.

இருபத்தாறு வருடம் ஹால்வார்தான்.
என் கால் வீக்கம்
நான் படியேறும் சத்தத்திலேயே அவருக்குத் தெரியும்.
வேறொருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமாம்,
பட்டியல் இணைக்கப்பட்டுள்ளதாம்.
எங்கள் வார்டோ தீவில் காலியிடம் பூஜ்யம்.
கரைக்குப் போய் எழுபத்தைந்து கிலோமீட்டர், வாட்சோவில் ஒருவர்:
வரிசையில் நான் நூற்றுநாற்பத்தொன்று.

தினமும் காப்பி கொதிப்பதற்குள் எண்ணைப் பார்ப்பேன்.
நூற்றுநாற்பத்தொன்று.
நூற்றுநாற்பது.
ஒருநாள் சட்டென்று நூற்றுமுப்பத்தைந்து.
ஐந்துபேர் எங்கே போனார்கள் என்று
சந்தோஷமாக யோசித்தேன்.
பிறகு சந்தோஷத்தை நிறுத்திக்கொண்டேன்.

மாத்திரையை வெண்ணெய்க் கத்தியால் பாதியாக நறுக்கினேன்.
பாதி எப்போதும் பாதியாக விழுவதில்லை.
பெரிய துண்டு திங்கட்கிழமைக்கு.

டிசம்பரில் கடையில் அவரைப் பார்த்தேன்.
உருளைக்கிழங்கைத் தடவித் தடவிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்,
கட்டி தேடுகிறவர் மாதிரி.
"எப்படி இருக்கிறாய், குன்வோர்?"
முன்பெல்லாம் அது கேள்வி.
இப்போது வணக்கம்.
கண் மட்டும் பழக்கத்தில் என் கணுக்கால்வரை போயிற்று,
தன் வேலை இல்லையென்று நினைவு வந்து
கூடைக்குத் திரும்பியது.
"நன்றாக இருக்கிறேன்" என்றேன்.
அவரிடம் சொன்ன முதல் பொய் இல்லை அது.
அவர் பிடிக்காமல் விட்ட முதல் பொய்.

பிப்ரவரியில் என் முறை வந்தது.
கடலுக்கு அடியில் போகும் சுரங்கத்தைத் தாண்டி
காற்று வண்டியைத் தள்ளத் தள்ள ஓட்டிப்போனேன்.
டாக்டர் ஈவோனா, போலந்துக்காரி,
என் மகளைவிட இளையவள்.
எங்கள் மொழியைக் கண்ணாடிக் கிண்ணம்போல
இரண்டு கையாலும் எடுத்து வைக்கிறாள்.
"ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்."

எந்த ஆரம்பம், பெண்ணே?
அம்மாவின் இதயமா,
அப்பா படகுக்கடியில் ஒளித்த பாட்டிலா,
தொண்ணூற்றொன்றில் என்னிடம் தங்காத பிள்ளையா?
அதையெல்லாம் ஹால்வாரிடமும்
நான் ஆரம்பத்திலிருந்து சொன்னதில்லை.
குளிர்காலத்துக்கு ஒன்றாக உதிர்ந்தது.

"பிரஷர்" என்றேன். "கால் வீக்கம். மருந்துச்சீட்டு போதும்."
பட்டையைச் சுற்றினாள், காற்றடித்தாள்,
எண்ணைக் குறித்தாள். பதினைந்து நிமிடம்.
எழுந்தேன். கோட்டை மாட்டினேன்.
கதவுப்பிடியில் கை வைத்தேன்.

பின்னால் விசைப்பலகைச் சத்தம் கேட்கவில்லை.
திரும்பினால், அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பி
கைகளை மடியில் போட்டுக்கொண்டு
சும்மா இருந்தாள்.
அந்தச் சும்மாவை எனக்குத் தெரியும்.

"எழுதி வைத்திருக்கிறாரா?"
கொஞ்சம் தயங்கினாள். திரையைத் திருப்பினாள்.
பொட்டாசியம் அளவுகளுக்கு நடுவே, பதினெட்டு வருடத்துக்கு முந்தைய தேதியில்:
கதவருகே போகும்வரை எதுவும் சொல்லமாட்டார்.
பிடியில் கை வைத்த பிறகு காத்திருக்கவும்.

கோபம் வந்தது, காதுவரை.
நானாகச் சொன்னேன் என்றல்லவா
இத்தனை வருடம் நினைத்திருந்தேன்!
தூண்டில் போட்ட இடத்துக்கே
தவறாமல் வந்த மீன் நான்.
போய்விடலாம். வண்டியில் சாவி இருக்கிறது.
வெளியே அடுத்த ஆள் இருமுகிறார்,
நூற்றுமுப்பதோ என்னவோ.

பிடி சில்லென்றிருந்தது.
"ராத்திரியில்" என்றேன், கதவைப் பார்த்தபடி,
"படுத்தால் மூச்சு வரமாட்டேன் என்கிறது.
மூன்று வாரமாக
உட்கார்ந்துதான் தூங்குகிறேன்."

உட்காருங்கள் என்று அவள் சொல்லவில்லை.
அதையும் எழுதியிருப்பார்.