சித்தெ நகருங்

பதினொரு வருடம் நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.
கண்ணுக்கு எதிரே இரண்டு சக்கரம்,
திரும்புவதும் ரப்பர் உரிவதும் தெரிய.
தலைக்கு மேல் கூரை இல்லை.
பாலக்காட்டுக் கணவாயில் கிளம்பும் ஆடிக்காற்று
செட்டிபாளையம் வந்ததும்
முதலில் என் ஹெல்மெட்டைத்தான் தட்டும்.
எதிர்க்காற்று என்றால் பிரேக்கை ஒரு மூச்சு தள்ளிப் போடுவேன்.
அவ்வளவுதான் என் கணக்கு.

இப்போது எனக்குக் கதவு இருக்கிறது.
ஃபார்முலா வண்டிக்குப் பணம் போட்ட பம்ப் கம்பெனி
இந்த வருடம் சலூன் பந்தயம் போதும் என்றது.
"கதவு இருந்தாத்தானுங் பேரு எழுத முடியும்."
எழுதினார்கள், மோட்டார் படத்தோடு.

வலது ஓரத்தில் உட்கார வைத்துக் கட்டினார்கள்.
இடப்பக்கம் முழுக்க யாரோ குடியிருக்கும் வாடகை வீடு.
அங்கே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது.
முதல் நாளே மூன்றாம் வளைவில்
சுவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டியது.
கம்பெனிப் பெயரில் பாதி போயிற்று.

ஆயிரத்து நூறு கிலோ.
ஸ்டியரிங்கைத் திருப்பினால் கேட்டுக்கொள்ளும்,
வயிற்றைச் சாய்க்கும், யோசிக்கும்,
அப்புறம்தான் வரும்.
ஐம்பது மீட்டர் பலகையில் மிதித்துப் பழகிய கால்
நூற்றைம்பதிலேயே மிதிக்க வேண்டுமாம்.
"அக்கா, உங்க காலு இன்னும் அந்த வண்டிலயே இருக்குது"
ரேடியோவில் ரிஸ்வான்.
குனியமுத்தூர்க்காரன், வயது இருபத்து மூன்று,
டயர்ச் சூட்டைத் தவிர எதற்கும் கவலைப்படாதவன்.

உள்ளே ஐம்பத்தெட்டு டிகிரி.
காற்றைக் கொடியில் பார்க்கிறேன்,
வேலிக்கு அந்தப் பக்கம் தென்னையில் பார்க்கிறேன்,
யாருக்கோ வந்த கடிதத்தைப் படிப்பது மாதிரி.

சனிக்கிழமை, ஐந்தாம் சுற்று.
பின்னால் திருப்பூர் குழந்தைவேல்,
பேர்தான் குழந்தை, ஆள் நூற்றுப்பத்துக் கிலோ, பனியன் கம்பெனி.
என் பம்பரைத் தொட்டார்.
தொட்டார், அவ்வளவே.
நான் செத்துப்போனேன்.

சக்கரத்தில் சக்கரம் ஏறினால் வண்டி பறக்கும்.
ஒரு தடவை பறந்திருக்கிறேன்,
வானம் காலுக்கடியில் வந்துவிட்டுப் போனது,
தோள்பட்டையில் இன்னும் ஆறு திருகாணி.
காலை எடுத்தேன். வழி விட்டேன்.
அவருக்குப் பின்னால் வந்த நாலு பேருக்கும் விட்டேன்.
பதினான்காவது.

பிட்டுக்கு வந்தார், கையில் பன்னீர் சோடா.
"ஏனுங், வண்டில ஏதும் கோளாறுங்களா?
நா சும்மா சித்தெ நகருங்கன்னுதானுங் சொன்னேன்."
கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

அன்றிரவு வெள்ளலூர் வழியாக வீட்டுக்குப் போகிறேன்,
என் சொந்த வண்டி, பழசு.
சிங்காநல்லூர் சிக்னலில்
டவுன் பஸ்ஸுக்கும் மொபெட்டுக்கும் நடுவே
விரல்கடை மிச்சம் வைத்து நுழைந்துவிட்டு
பச்சை விழுந்த பிறகுதான் உறைத்தது:
இடப்பக்கத்தை நான் பார்க்கவே இல்லை.
பதினாறு வருடமாக
அந்த வாடகை வீட்டில் இருந்தது நானேதான்.

ஞாயிறு. எட்டாம் சுற்று.
குழந்தைவேல் முன்னால்.
பல்லைக் கடித்துக்கொண்டு
அவர் பம்பரில் ஒரு 'ங்' வைத்தேன்.
நகரவில்லை மனிதர்.
கள்ளிவேலி நெருக்கும் இட்டேரியில்
இரண்டு வண்டி ஒட்டுக்காப் போன மாதிரி
இரண்டு வளைவு, கதவோடு கதவு.
என் கண்ணாடி உடைந்து அவர் கூரைமேல் போயிற்று.
வானம் அதன் இடத்திலேயே இருந்தது.
அவர் எட்டு. நான் ஒன்பது.

நின்ற பிறகு என் கதவு திறக்கவில்லை, நசுங்கியிருந்தது.
"கண்ணாடி நாலாயிரத்து இருநூறுக்கா" என்கிறான் ரிஸ்வான்.
குழந்தைவேல் வெளியிலிருந்து கைப்பிடியைப் பிடித்தார்,
"சித்தெ நகருங்"
ஒரே இழுப்பு.

காற்று, இரண்டு நாளில் முதல் தடவையாக, கழுத்தில்.
மேற்கிலிருந்து, நல்ல வேகம்.
அந்தக் கடைசி வளைவுக்கு நேர் எதிர்க்காற்று.
சே,
பிரேக்கை ஒரு மூச்சு தள்ளிப் போட்டிருக்கலாம்.