இரண்டாம்கட்டு

பள்ளத்தூரில் ஒரு வீடு, கானாடுகாத்தானில் மூன்று,
கோட்டையூரில் வழக்கு வந்து பாதியில் நின்றது ஒன்று.
பங்காளிகள் கையெழுத்துப் போட்ட மறுநாள்
நாங்கள் போய் இறங்குவோம்.
நிலையைக் கழற்ற ஓர் ஆள், ஓட்டை இறக்க ஓர் ஆள்.
கல்தூண் என் பங்கு.
லாரிக்கு அடங்காத நீளத்தை
மெஷின் வைத்து இரண்டாய் அறுக்கணும்.

மூக்கில் துண்டு. அவ்வளவுதான்.
சாயங்காலம் குளித்தால்
காதுக்குள்ளிருந்து வெள்ளையாய் ஓடும் தண்ணீர்.
உள்ளே போனதை யார் குளிப்பாட்டுவது?

முதலில் மாடிப்படியில் தெரிந்தது.
பதினாலு படி. எட்டாவதில் நின்று
செல்போன் பார்ப்பதுபோல் நடித்தேன்.
பிறகு மேட்டில் சைக்கிளைத் தள்ளினேன்,
செயின் லூசு என்றேன்.
அன்னபாக்கியம் என்று கூப்பிட மூச்சு எட்டாமல்
அன்னம் என்றேன்.
இத்தனை வருஷம் கழித்துப் பிரியம் வந்துவிட்டதென்று
சிரித்தாள் அவள்.

காரைக்குடியில் சளி எடுத்தார்கள். கிருமி இல்லை.
மறுபடி எடுத்தார்கள். இல்லை.
படத்தில் புள்ளி இருக்கிறதே என்று
ஆறு மாதம் மாத்திரை.
மூத்திரம் செங்காவியாய்ப் போனது, இருமல் போகவில்லை.
என் தட்டைத் தனியாக வைத்தார்கள் வீட்டில்.
பொன்னழகு, தூணின் மறுமுனையில் நின்று அறுத்தவன்,
அதே மாத்திரையோடு செத்தான்.
குடித்துக் கெட்டான் என்றது ஊர்.
டீயே அரை கிளாஸ்தான் குடிப்பான்.

கல்லல், காளையார்கோவில் வழியாக பஸ்.
சிவகங்கைப் பெரியாஸ்பத்திரி.
நெஞ்சு டாக்டர், சின்ன வயசுப் பெண்,
கொண்டுபோன படத்தைத் தொடாமலே கேட்டது:
"என்ன வேலை பாத்தீங்க? எத்தனை வருஷம்?
தண்ணி விட்டு அறுப்பீங்களா, சும்மாவா?"
மூன்று வருஷமாய் யாரும் கேட்காதது.
சொல்ல ஆரம்பித்து இருமினேன்.
இருமி முடிக்கும்வரை
அடுத்த சீட்டைக் கூப்பிடவில்லை.

ஒரு குழாயைக் கடித்துக்கொண்டு ஊதச் சொன்னார்கள்.
"ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விட்றாதீங்க!"
கல்யாண வீட்டு நாயனக்காரரைக்கூட
யாரும் இப்படி விரட்டியதில்லை.
மூன்று தரம் ஊதியும்
திரையில் எழும்பியது கரையான்புற்றளவு மேடு.

வெளிச்சப் பெட்டியில் படம்.
இரண்டு பக்கமும் ஒரே அளவில் கட்டிய வீடு.
எனக்குப் பழகிய அமைப்புதான்:
முகப்பு, வளவு, வரிசையாய் அறைகள்.
மேல்மாடி முழுக்க மாவு தூவினாற்போல் வெள்ளை.
"எத்தனை அறை பூட்டிக் கெடக்கு, டாக்டர்?"
அது சிரிக்கவில்லை.
"பாதிக்கு மேல. அதுக்குச் சாவி கிடையாது.
மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

கல்தூசி நோயாம். ஒட்டாதாம்.
தட்டை ஒன்றாய் வைக்கச் சொல்லுங்கள் என்றது.
ஆனால் இந்தத் தூசி இருக்கும் நெஞ்சில்
காசநோய் சீக்கிரம் குடிவருமாம்;
காய்ச்சல் நீடித்தாலோ எடை இறங்கினாலோ
அன்றைக்கே பஸ் ஏறணும்.
உறிஞ்சுகிற மருந்து, ஒரு தடுப்பூசி,
விளக்கை அணைக்காமல் ஊதுவதுபோல்
உதட்டைக் குவித்து மூச்சு விடப் பழக்கம்.
மெஷின் பக்கம் போகவே கூடாது.
நோட்டில் 'தொழில்' என்ற இடத்தில்
'கல் அறுப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டது.
நான் பத்திரமாய் மடித்து வைத்த முதல் காகிதம்.

ஊர் இறங்கியதும் சோலைமலைக்குப் போன் போட்டேன்.
ஆத்தங்குடிப் பக்கம் ஏதோ வளவில் நிற்கிறான்.
என் இடத்துக்கு வந்தவன். இருபத்து நாலு வயசு.
"அண்ணே, சத்தமாப் பேசுங்க, மெஷின் ஓடுது."
சத்தம்தானே இல்லை என்னிடம்.
"தண்ணி" என்றேன்.
"என்னண்ணே?"
"கல்லு மேல. ஓசு போட்டு. தண்ணி."

மெஷின் நின்றது.
அவன்தான் நிறுத்தினானா
கரண்ட் போய்விட்டதா
தெரியவில்லை.