பதினேழு மீட்டர்

கொட்டகைக்கு ஜன்னல் இல்லை.
ஒன்பது வருடம்
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் போய்வந்தேன்.
கடித்த இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்து
என் பல்வரிசை அப்படியே இருக்கிறது.
ஒருமுறை நீளமான ஒயர் இழுத்துப் பார்த்தேன்.
புல்வெட்டும் எந்திரம் அதை
இரண்டாம் சனிக்கிழமையே தின்றுவிட்டது.

கிம்லியில் அக்டோபர் என்றால்
ஏரி இன்னும் நீர்,
மண் இன்னும் மண்.
நவம்பர் கடந்தால் இரண்டும் கல்.
அதற்குள் தோண்ட வேண்டும்.

தோண்டுமுன் போன் செய்ய வேண்டும், சட்டம்.
காதில் பென்சிலோடு ஒரு பையன் வந்தான்.
புல்மேல் கோடு போட்டான்:
மஞ்சள் எரிவாயு, நீலம் தண்ணீர், சிவப்பு மின்சாரம்.
காலடியில் இத்தனை ஓடுவது தெரியாமல்
இத்தனை கோடைக்கும் அங்கே நின்று
துணி உலர்த்தியிருக்கிறேன்.
"கோட்டுப் பக்கம் கையால்தான் தோண்டணும்" என்றான்.
வேறு எதால் தோண்டுவேன் நான்?

வீட்டுச் சுவரிலிருந்து கொட்டகை வரை
பதினேழு மீட்டர்.
ஆழம், முழங்காலுக்கு மேல் நாலு விரல்.
முதல் நாள் ஆறு மீட்டர். மறுநாள் நாலு.
மூன்றாம் நாள் வேலியோரம்
பாப்லர் மரத்து வேர், தொடை தடிமன்.
மண்வெட்டி எகிறி என் கணுக்காலை விசாரித்தது.
கெட்ட வார்த்தை ஒன்றை உரக்கச் சொன்னேன்.
வேலிக்கு அந்தப் பக்கம்
சருகு கூட்டிக்கொண்டிருந்த ஹியால்மர்
ஒரு கணம் நிறுத்தினார்.
பிறகு கூட்டினார்.

மூன்று வருடமாகப் பேச்சில்லை எங்களுக்குள்.
ஒரு கைரம்பம்.
ஸ்வீடன் எஃகு, பீச் மரக் கைப்பிடி.
வாங்கிப் போனவர் தரவில்லை என்று நான்,
அன்றே கொண்டுவந்து வைத்தேன் என்று அவர்,
தபால் நிலைய வாசலில்
நாலு பேர் கேட்க.

மறுநாள் காலை
வேலிக் கம்பத்தில் ஒரு கோடாலி,
என் பக்கமாகச் சாய்ந்திருந்தது.
ஆள் இல்லை.
வேரை வெட்டினேன். நல்ல கூர்.
துடைத்து அவர் பக்கமாகச் சாய்த்தேன்.
நன்றி என்று சொல்ல
அன்று வேலி உயரமாக இருந்தது.

குழாய் பதித்தேன், ஒயர் இழுத்தேன்.
மூடுமுன் அதிகாரி பார்க்க வேண்டும்.
டானிக்கா பெல்கோர் வந்து
அளவுநாடாவைக் குழிக்குள் விட்டார்.
மூன்று இடம் சரி.
நாலாவது இடத்தில் என்னைப் பார்த்தார்.
அங்கே இரண்டு விரல் குறைவு.
அவர் காபி முடிக்கும்வரை மறுபடி தோண்டினேன்.
பிறகு பாதி மண், அதன்மேல் சிவப்பு நாடா:
எச்சரிக்கை, கீழே மின்சாரம்.
என்றோ இங்கே தோண்டப்போகிற யாருக்கோ
முன்கூட்டியே ஒரு சீட்டு.

ஐந்தரைக்கே இருட்டிவிட்ட ஒரு மாலை
சுவிட்சைத் தட்டினேன்.

பனி வாரும் மண்வாரி நாலு.
தொலைந்தது தொலைந்தது என்று
குளிருக்கு ஒன்றாக வாங்கியவை,
ஒரே மூலையில், தோளோடு தோள்.
காலியான குளவிக்கூடு.
எதற்கென்று நினைவில்லாத நீலப் பெயின்ட்.
கவிழ்த்த படகின் வயிறு.
ஏரிக்காற்று அடித்தது, கதவைச் சாத்தினேன்.

கதவின் பின்சுவரில், ஆணியில்,
ரம்பம்.

கதவு திறந்தால் அது மறையும்.
இருட்டில் யார் உள்ளே நின்று
கதவைச் சாத்திக்கொள்வார்கள்?
பற்களுக்குச் செய்தித்தாள் சுற்றி
ரப்பர் வளையம் போட்டிருந்தார்.
பிரித்தேன்.
தீட்டியும் தந்திருக்கிறார்.

விளக்கை அணைத்தேன்.
ஒன்றும் மாறவில்லை.
போட்டேன்.
இடுக்கில் கசிந்த வெளிச்சம்
அவர் சமையலறைக்குத் தெரிந்திருக்கும்,
கொட்டகை ஏன் இமைக்கிறது என்று.

வேலி தாண்ட முடியாது, வயசு அப்படி.
தெருவைச் சுற்றித்தான் போக வேண்டும்.
கையில் ரம்பத்தோடு
இந்த நேரத்தில் ஒருவர் கதவைத் தட்டலாமா
என்று யோசித்தபடியே
டார்ச்சைத் தேடினேன்.