ஒரு சாண் செம்பு

ஆறு ஃபைபர் கழிகள்.
காசிமேட்டில் படகுக்கு ஒட்டுப் போடும் தேசப்பன்
விலை சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார்.
"இன்னாத்துக்கும்மா, கொட செய்யப் போறியா?"
ஆமாம் என்றேன்.
பொய்யில்லை. தலைகீழாகத் திறந்த குடை,
துணியில்லாமல்.

தண்டையார்ப்பேட்டை வாரியக் குடியிருப்பின் மொட்டைமாடி.
சின்டெக்ஸ் தொட்டிக்கும்
ஜெசிந்தா அக்காவின் நைட்டிகளுக்கும் நடுவில்
கழிகளை வளைத்து
வலைக்கயிற்றால் இழுத்துக் கட்டினேன்.
இருபது மீட்டர் கம்பி மேலே,
பதினைந்து அதற்குக் கீழே,
பத்து எல்லாவற்றுக்கும் அடியில்.
முன்கம்பி பேசும்.
பின்கம்பி சுற்றி வந்து
அதை முன்னாலேயே தள்ளிவிடும்.
"டிவி நின்னுச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்"
என்றார் அக்கா, கிளிப்பைப் பல்லில் கடித்தபடி.

பதினைந்தில்தான் தகராறு.
வெட்ட வெட்ட மீட்டரில் முள் இறங்கியது,
இன்னும் ஒரு விரற்கடை,
பிறகு ஏறத் தொடங்கியது.

எம்.சி. ரோட்டில் பிளவுஸ் தைக்கிறவள் நான்.
உள்தையலுக்கு ஓர் அங்குலம் விடாமல்
இதுவரை ஒரு துணியையும் வெட்டியதில்லை.
கம்பியிடம் மட்டும் என்ன அவசரமோ.

ஒட்டுப்போட மிச்சக் கம்பி ஒரு சாண்
தொட்டியோரம் வைத்திருந்தேன்.
காணோம்.
கைப்பிடிச் சுவரில் காகம்,
வாயில் மினுமினுப்பு.
சூ என்றேன்.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
ரயில்வே யார்டு பக்கம் போயிற்று.

கடைசியில் எரிந்துபோன இஸ்திரிப்பெட்டியின் ஒயரை உரித்து
இரண்டு முனையிலும் சால்டர் வைத்து
உப்புக்காற்றுக்கு வாசலின் தடவினேன்.
முள் உட்கார்ந்தது.

சாயங்காலம் கயிற்றை இழுத்து
குடையைக் கடல் பக்கம் திருப்பினேன்.
முதுகுக்குப் பின்னே மணலி தேய்ந்தது.
கம்பெனி இரைச்சல், கீழ்வீட்டு எல்இடியின் கரகரப்பு,
கேபிள் பெட்டியின் சிணுங்கல்,
எல்லாமே ஒருபடி கீழே.
தூரத்தைக் கேட்கிறவள்
பக்கத்துக்குச் செவிடாகத்தான் வேண்டும் போல.

மூன்றாவது அழைப்புக்குப் பதில்.
மகாசரிலிருந்து ருஸ்டாம்,
ஐஸ் கம்பெனியில் வேலையாம்.
ஐந்து ஒன்பது என்றார்.
ஆண்டெனா என்ன என்று கேட்டார்.
குடை என்றேன்.
சிரிப்பு, நடுவில் ஓர் அமிழ்வு,
மீண்டு வந்த குரல்:
"இங்கே நல்ல மழை."

எனக்கு இங்கே சித்திரை.
ஹெட்போனுக்குள் காது வேர்த்திருந்தது.

மறுநாள் கடைக்குப் போகும் வழியில்
யார்டு விளக்குக்கம்பத்தில் அந்தக் கூட்டைப் பார்த்தேன்.
துருக்கம்பி, ஹேங்கர், குடைக்கம்பி,
இடையில் சிவப்பாக என் ஒரு சாண்.
அளக்காமல், வெட்டாமல் வளைத்திருந்தது.
எத்தனை முட்டை என்று
கீழேயிருந்து தெரியவில்லை.