மணிக்கூட்டோடு ஒரு பெண்

ஸ்ரான்லி வீதி மருந்துக்கடை.
சனம் குறைந்த மத்தியானத்தில்
டிலக்சி போனை நீட்டினாள்:
"அக்கா, இது நீங்களோ?"

நான்தான்.
தொண்ணூற்றைந்து ஐப்பசி, நாவற்குழிப் பாலம்.
ஊறிப்போன சட்டை,
நெஞ்சோடு அணைத்த சுவர் மணிக்கூடு.

ஆமிக்குப் பயந்து ஓடும் தாய்
என்று ஒருவன் எழுதியிருக்கிறான்.
எனக்கு அப்போது இருபத்திரண்டு,
கலியாணம்கூடப் பேசவில்லை.
புலிகள் துவக்கு முனையில் கலைத்த சனம்
என்றவனைப் பன்னீராயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.
வேறொரு பக்கத்தில் எனக்கு நிறம் பூசிச்
சிவப்புச் சட்டை உடுத்திவிட்டார்கள்.
என் சட்டை பச்சை.
இன்னும் கீழே போனால்
நான் தமிழிச்சியே இல்லை,
பெயர் வாயில் நுழையாத ஒரு நாட்டில்
இன்று காலைதான் வீடிழந்தேன்.

கனடாவிலிருந்து ஒருவர்
மணிக்கூட்டைப் பெருப்பித்து, நாலு பத்து என்று கண்டு,
அந்த நிமிடம் எந்த ஷெல் எங்கே விழுந்ததென்று
நிறுவிக்கொண்டிருக்கிறார்.
இல்லை, நிழலைப் பார், அது காலை
என்கிறார் கொழும்பிலிருந்து இன்னொருவர்.
மழை ஐயா அது. நிழலேது?
அந்த மணிக்கூட்டுக்குள்
ஐந்து வருடமாய்ப் பற்றறியே இல்லை.
பற்றறி வரவிடாத காலம்.

செய்தி கேட்பதென்றால்
சைக்கிளைக் கவிழ்த்துவைத்துத்
தம்பி தவரூபன் பெடலைக் கையால் சுற்றுவான்.
டைனமோ சூடாகும். றேடியோ இருமி இருமிப் பேசும்.
ஒரு நிலையம் பிடித்துவிட்டோம் என்னும்,
மற்றது விரட்டிவிட்டோம் என்னும்.
உளைந்து அவன் கை மாற்றுகிற இடைவெளியில்
இரண்டு போரும் நின்றுவிடும்.

அந்தக் கைதான்.
முழுப் படத்தில் வலது ஓரமாய்,
சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடி,
பெருவிரல் நகத்தில் கறுத்த இரத்தக்கட்டோடு இருந்தது.
எல்லோரும் அதை வெட்டிவிட்டார்கள்.
சதுரத்துக்குள் அடங்கவில்லைப் போல.

சாவகச்சேரியில் தண்ணீர் தேடிப் போனவன்.
அவனுக்கு வேறு படமில்லை.

டேற்றா முடிய முடிய ரீலோட் போட்டு
இரவு முழுக்கத் தேடினேன்.
விடியப்புறம் கிடைத்தது,
கை வெட்டாமல், நகம் தெரிய,
வாசித்தால் வாயெல்லாம் கைக்கிற ஒரு பக்கத்தில்.
மேலே தடித்த எழுத்தில்:
அப்படி ஒன்றும் நடக்கவில்லை,
இது கோயிலுக்குப் போகும் சனம்.

எடுத்தேன்.
அந்த வரியை விரலால் இழுத்து வெட்டினேன்.
வெட்டும்போது பாலத்தின் ஒரு முனையும் போயிற்று,
எனக்குப் பின்னால்
பிள்ளையைத் தோளில் போட்டு வந்த யாரோ ஒருத்தியின்
நெற்றியும் கண்ணும் போயின.

"அப்ப, இது நீங்கள்தான் எண்டு
நான் கீழ ஒரு வரி போடட்டோ, அக்கா?"

பனடோல் ஒரு காட் என்று
யாரோ காசை நீட்டினார்கள்.
நான் மிச்சத்தை எண்ணத் தொடங்கினேன்.