இடம்புரி

அலைவரிசை அகலமாக, பார்வை கூராக,
விலை மட்டும் குறைவாக
என்று கேட்டிருந்தது கப்பல் கம்பெனி.
மூன்றும் ஒரே தட்டில் உட்காராது என்று
எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

எட்டு மாதம்.
மனாமாவின் சீஃப் பகுதி, நாலாம் மாடி, ஏசி ஓயாத அறை.
பதினாறு செப்புத் துண்டுகள், ஒவ்வொன்றும் பிஸ்கட் அளவு.
நாலு நாலாய்ப் பிரித்தேன்.
முதலாவது நேரே நிற்கும்.
அடுத்தது கால் வட்டம் திரும்பிக்கொண்டு
கால் சுற்று தாமதமாய்ப் பேசும்.
அதற்கடுத்தது இன்னும் கால், கடைசி இன்னும் கால்.
தனித்தனியே விட்டால் எதுவும் வட்டம் போடாது,
முட்டைதான் போடும்.
கூடி நின்றால்
ஒன்றின் கோணலை மற்றது தின்றுவிடும்.

எதற்கு வட்டம்?
கப்பல் ஆடும்.
ஒரே கோட்டில் அதிரும் அலையை
அதே சாய்வில் நின்றுதான் வாங்க வேண்டும்.
சுழன்று வரும் அலைக்கு அந்த வீம்பு கிடையாது;
எப்படிக் கவிழ்ந்து எழுந்தாலும் கைக்கு வரும்.
ஒரே நிபந்தனை, வலம்புரிக்கு வலம்புரி.
இடம்புரி வந்து தட்டினால் கதவு திறக்காது.
தூத்துக்குடிக்காரிக்கு
இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சோதனை அறையில், நீலப் பஞ்சுக் கூம்புகளுக்கு நடுவில்,
அளக்கும் கொம்பு சுற்றிச் சுற்றி வந்தது.
வட்டம், என்றது.
விளிம்பு முதல் விளிம்பு வரை, அசல் வட்டம்.
அன்று எல்லோருக்கும் நான்தான் கரக் சாயா வாங்கினேன்.

ஆகஸ்ட், காலை ஆறு மணி, மொட்டை மாடி.
பிழியாத துண்டைப் போர்த்திக்கொண்டது போல் காற்று.
தெற்கே, அண்ணாந்து, செயற்கைக்கோள் இருக்கும் இடத்தைக் காட்டி
பலகையை நிறுத்தினோம்.
திரையில் வெறும் இரைச்சல்,
வெட்டாத புல் மாதிரி.
கேபிளை மாற்றினேன். பெருக்கியை மாற்றினேன்.
"விழுந்துவிட்டதா அது, ஜெசிந்தா?" என்றார் ஹுசைன் மர்ஹூன்,
வானத்தைப் பார்த்து, மிகவும் மரியாதையாக.

தில்பகதூருக்குக் கண் கூசியது.
முக்காலியை அப்படியே வடக்கே திருப்பி வைத்துவிட்டு
பீடி பற்றவைக்கப் போனான்.
புல்லுக்கு நடுவில்
ஒரு கம்பம் எழுந்து நின்றது.

வடக்கே செயற்கைக்கோள் இல்லை.
வடக்கே இருப்பது கண்ணாடிக் கட்டடம்,
இருபத்துமூன்றாம் மாடி,
வெயிலைத் தெருவுக்கே திருப்பி அனுப்பும் பூச்சு.
கண்ணாடியில் வலது கை இடது கையாகும்.
இது எனக்குத் தெரியும்.
தினமும் பொட்டு வைக்கிறேன்.

கீழே ஓடிப்போய்க் கோப்பைத் திறந்தேன்.
பின்புறமிருந்து பார்த்த படத்தை
முன்புறம் என்று ஷென்சென்னுக்கு அனுப்பியிருக்கிறேன்.
ஒரு சின்னக் கட்டம், ஒரு டிக்.
எட்டு மாதமும் நூலளவு பிசகாமல்
திரும்பி நின்றிருந்தது.
அளக்கும் கொம்பு பொய் சொல்லவில்லை;
வட்டமா என்று கேட்டேன், வட்டம் என்றது.
எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

முந்நூற்று நாற்பது தினார், பதினொரு நாள்.
மர்ஹூன் இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதி
காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.
எனக்கு அவமானமாக இருந்தது.
அதற்கு அடியில், சொன்னால் வெட்கம், சந்தோஷமாகவும்:
கண்ணாடி தின்ற இரண்டு டெசிபெல் போக
ஆற்றல் நான் போட்ட கணக்கிலேயே நின்றது,
கீழ் விளிம்பிலிருந்து மேல் விளிம்பு வரை.

புதிய பலகை வரும்வரை
இதை இறக்க வேண்டாம் என்றேன்.
ஒன்பது மணிக்கு எதிர்க் கட்டடத்தின் உச்சியிலிருந்து
கண்ணாடி துடைப்பவர்கள் இருவர்
தொங்கு தொட்டிலில் இறங்கி வந்தார்கள்.
இருபத்துமூன்றில் சற்று நின்றார்கள்.
திரையில் கம்பம் குனிந்தது.
தில்பகதூர் கை ஆட்டினான்.
அவர்களில் ஒருவர் சோப்புத் துடைப்பத்தோடு
பதிலுக்கு ஆட்டினார்,
எந்தக் கையால் என்று இங்கிருந்து தெரியவில்லை.